கட்டடம் தந்தவர்கள் வழியும் காட்டலாம்

தமிழ்நாட்டு ஊர்களில் முன்னாள் மாணவர் சந்திப்பு இன்று ஊன்றிப்போன வழக்கமாகிவிட்டது. வாட்ஸ்அப் வந்த பிறகு, இருபத்தைந்து முப்பது ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பையோ பன்னிரண்டாம் வகுப்பையோ சேர்ந்து முடித்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, பொங்கலை ஒட்டியோ கோடை விடுமுறையிலோ பள்ளி வளாகத்தில் கூடுகிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்குச் சால்வை, குழுப் படம், மதிய விருந்து. கலைவதற்கு முன் பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தீர்மானம். அந்த 'ஏதாவது' பெரும்பாலும் வகுப்பறையாகவோ, சுற்றுச்சுவராகவோ, கழிப்பறையாகவோ, குடிநீர் இயந்திரமாகவோ முடிகிறது. 2022 டிசம்பர் 19 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டமும் முன்னாள் மாணவர்களின் நிதியையும் பொருளையும் அரசுப் பள்ளிகளுக்குத் திரட்டுவதை முதன்மையாகக் கொண்டது. இவை அனைத்தும் தேவையானவை, செய்தவர்கள் நன்றிக்குரியவர்கள். ஆனால் பணமில்லாத முன்னாள் மாணவரும் கொடுக்கக்கூடிய, பணத்தால் வாங்க முடியாத வேறொன்று அவர்களிடம் இருக்கிறது. எந்தப் படிப்பு எந்த வேலைக்குக் கொண்டுபோகும், எந்த நிறுவனம் எப்போது ஆள் எடுக்கிறது, எவரை நம்பலாம் என்ற அறிவு அது. ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஒருவருக்கொருவர் வேலைவாழ்வில் துணைநிற்க முடியுமா, அப்படி நிற்பது நியாயமா, எந்த நிபந்தனைகளின் கீழ் நியாயம் என்ற கேள்விகள் நம்மிடையே போதிய அளவு விவாதிக்கப்படவில்லை.

வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதைச் சமூகவியல் அரை நூற்றாண்டாக ஆராய்ந்துவருகிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டனில் வேலை மாறிய 282 தொழில்முறை, தொழில்நுட்ப, மேலாண்மைப் பணியாளர்களை ஆராய்ந்து 1973-இலும் 1974-இலும் வெளியிட்ட முடிவுகள் இன்றும் இந்தத் துறையின் அடித்தளம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வேலையைத் தெரிந்தவர் மூலமாகவே அறிந்திருந்தார்கள். அந்தத் 'தெரிந்தவர்' யார் என்று பார்த்தபோதுதான் வியப்பு. தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்துவந்ததாகச் சொன்னவர்கள் ஆறில் ஒரு பங்கினர் மட்டுமே. மற்றவர்களுக்கு அவர் எப்போதாவது பார்ப்பவர், அல்லது ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிட அரிதாகவோ பார்ப்பவர். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி நிற்பவர்தான் நாம் அறியாத உலகத்தின் செய்தியைக் கொண்டுவருகிறார். இது ஓர் ஊரின் ஆய்வு என்று ஒதுக்கிவிடவும் முடியாது. லிங்க்டுஇன் தளத்தில் ஐந்து ஆண்டுகளாக 2 கோடிப் பேரை உட்படுத்தி நடந்த சோதனைகளின் முடிவுகள் 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தன. ஓரளவு தளர்ந்த உறவுகளே வேலை மாறுவதற்கு அதிகம் உதவின. மிக நெருங்கியவையும் மிகத் தளர்ந்தவையும் அந்த அளவுக்கு உதவவில்லை. தளர்வுக்கும் ஓர் எல்லை இருக்கிறது என்ற இந்தத் திருத்தம் முக்கியமானது. யாரென்றே தெரியாத ஒருவரின் செய்தியை எவரும் பொருட்படுத்துவதில்லை.

பள்ளித் தோழமையின் தனித்தன்மை இங்கேதான் வருகிறது. ஒன்றாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ தொடங்கி ஐந்தாண்டு, பத்தாண்டு ஒரே கூரையின் கீழ் இருந்தவர்கள் பின்னர் பிரிந்து வெவ்வேறு திசைகளில் போகிறார்கள். தொடர்பு அறுந்துபோனாலும் அப்போது உண்டான நம்பிக்கை அழிவதில்லை. டேனியல் லெவின், ஜார்ஜ் வால்டர், கீத் மர்னிகன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகை உறங்கும் உறவுகளைப் பற்றியது. நிறுவன அலுவலர்கள் பல ஆண்டுகளாகப் பேசாத பழைய பழக்கக்காரர்களிடம் நடப்புப் பணி குறித்து ஆலோசனை கேட்டபோது, அன்றாடம் பழகுபவர்களின் ஆலோசனைக்குக் குறையாத பயனையும் அதைவிடப் புதிய செய்திகளையும் பெற்றார்கள். பழைய நம்பிக்கையும் புதிய தகவலும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருப்பதுதான் காரணம். கல்லூரித் தோழமையும் இப்படிப்பட்டதே என்று சொல்லலாம். ஆனால் பொறியியல் கல்லூரியில் ஒரு துறையில் படித்த அறுபது பேரும் ஏறத்தாழ ஒரே வகை வேலைகளில் இருப்பார்கள். மென்பொருள் துறையில் ஆட்குறைப்பு வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தவிப்பார்கள். ஊர்ப்புறத்து அரசு மேல்நிலைப் பள்ளியின் ஒரு 'பேட்ச்' அப்படியல்ல. அதில் செவிலியர் இருப்பார், அரசுப் பேருந்து நடத்துநர் இருப்பார், ஐடிஐ முடித்து ஒரகடத்திலோ ஓசூரிலோ தொழிற்சாலையில் ஷிப்ட் பொறுப்பாளர் ஆனவர் இருப்பார், திருப்பூரில் சிறு யூனிட் நடத்துபவர், வளைகுடாவில் மின்பணியாளர், வட்டாட்சியர் அலுவலக உதவியாளர், பெங்களூரில் கணினிப் பொறியாளர், உரக்கடை வைத்திருப்பவர் என எல்லோரும் இருப்பார்கள். தொழில் பன்மையை அளவுகோலாக வைத்தால், புகழ்பெற்ற தொழில்நுட்பக் கழகங்களின் முன்னாள் மாணவர் அமைப்புகளைவிட அரசுப் பள்ளியின் பட்டியல் அகலமானது. அந்த அகலத்தை நாம் இதுவரை செல்வமாகக் கருதவில்லை.

இத்தகைய சங்கிலி ஓர் உயிரையே எப்படித் தூக்கி நிறுத்தும் என்பதற்குச் சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கை நம் மண்ணின் சான்று. கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் கணக்கைத் தவிர்த்த பாடங்களில் தோற்று, பட்டமில்லாமல் வேலை தேடிக்கொண்டிருந்தவர் அவர். 1910-இல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதவியல் கழகத்தைத் தொடங்கிய அவர் ராமானுஜனைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே, கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜனுக்குப் பாடம் நடத்திய பி. வி. சேஷு ஐயர், நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவிடம் வழிகாட்டினார். இந்த இளைஞர் காட்டும் கணக்கு உண்மையில் இவருடையதுதானா என்று ராவ் ஐயுற்றபோது, ஐயத்தைத் தணிக்க முயன்றவர் ராமானுஜனின் நண்பர் சி. வி. ராஜகோபாலாச்சாரி. 1912 மார்ச் 1 அன்று சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது; கேம்பிரிட்ஜுக்குக் கடிதம் எழுதும் காலம் அந்த மேசையிலிருந்து பிறந்தது. ஆசிரியரும் நண்பரும் இங்கே செய்தது வேலையைத் தூக்கிக் கொடுப்பதல்ல. இவர் யார், இவருடைய உழைப்பு எப்படிப்பட்டது என்று அறிந்த ஒருவர், அறியாத ஒருவருக்கு எடுத்துச் சொன்னார். இதே வரலாற்றின் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சங்கிலியில் இருந்த இந்தியர்கள் அனைவரும் பிராமணர்கள். அதே காலத்தில் அதே காவிரிக் கரையில் பிறந்து, துணை ஆட்சியரின் வாசற்படியை மிதிக்க வழியில்லாமல் போன எத்தனையோ பிள்ளைகளுக்காகப் பேச யாரும் இருக்கவில்லை. இந்த இரண்டு உண்மைகளையும் சேர்த்து வைத்துத்தான் முன்னாள் மாணவர் அமைப்பைப் பற்றி யோசிக்க முடியும்.

தொடர்பு யாருக்கு அதிகம் தேவை என்பதில் அண்மைக்கால ஆய்வுகள் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவில் 7 கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் நட்புகளை ஆராய்ந்து 2022-இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் வசதியான குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நிகராக வசதியானவர்களின் பழக்கம் உள்ள வட்டாரத்தில் வளர்ந்தால், வளர்ந்தபின் அவர்களுடைய வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கண்ட தொடர்பு. வசதியான பிள்ளைக்குப் பெரியப்பா மருத்துவர், அத்தை வங்கி மேலாளர், பக்கத்து வீட்டுக்காரர் பட்டயக் கணக்கர். அந்தப் பிள்ளை கேட்காமலே எல்லாம் காதில் விழுகிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வீட்டுப் பேச்சு இல்லை. ஜெர்மனியில் தாழ்நிலைப் பள்ளிகளின் மாணவர்களுக்குப் பல்கலைக்கழக மாணவர்களை வழிகாட்டிகளாக இணைத்த 'ராக் யுவர் லைஃப்' திட்டத்தைக் குலுக்கல் முறைச் சோதனை வழியே அளந்தார்கள். பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகளின் வேலைவாய்ப்புக்கான தகுதிகள் கணிசமாக உயர்ந்தன. வசதியான பிள்ளைகளுக்கு அதனால் பெரிய மாற்றமில்லை. ஏற்கெனவே இருப்பவருக்கு இன்னொரு வழிகாட்டி மிகை. இல்லாதவருக்கு முதல் வழிகாட்டியே திருப்பம். பிரிட்டனில் 1970-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுத் தரவுகளை அலசியவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். 14, 15 வயதில் பள்ளிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் தந்த தொழில் உரை ஒவ்வொன்றும், 26 வயதில் 0.8 சதவீதம் கூடுதல் ஊதியத்தோடு தொடர்புகொண்டிருந்தது. அடுத்த ஆண்டில் கேட்ட உரைகளுக்கு அத்தகைய தொடர்பு தெளிவாகத் தென்படவில்லை. இது தொடர்பைக் காட்டும் ஆய்வே ஒழிய, காரணத்தை நிறுவியது என்று சொல்ல முடியாது. ஆனால் வயது பற்றிய குறிப்பு நமக்கு உடனே பொருந்துகிறது.

ஏனென்றால் தமிழ்நாட்டில் 14, 15 வயது என்பது ஒன்பதாம், பத்தாம் வகுப்பு. பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த சில வாரங்களில் பிள்ளை எந்த 'குரூப்' எடுப்பது என்று முடிவாகிவிடுகிறது. கணிதம் இல்லாத பிரிவை எடுத்தவருக்குப் பொறியியல் கதவு ஏறத்தாழ மூடிவிடும் என்பதோ, பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் சேர்ந்து பட்டயம் பெற்றால் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதோ, ஐடிஐ முடித்தபின் 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம் என்பதோ பல பெற்றோருக்குத் தெரியாது. அரசு இந்தக் குறையை உணர்ந்திருக்கிறது. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்', பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களுக்கான 'கல்லூரிக் கனவு', தொழிற்கல்விச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு, மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்', 'தமிழ்ப் புதல்வன்' திட்டங்கள் எல்லாம் கதவுகளைத் திறந்திருக்கின்றன. 2021-22 கணக்கெடுப்பின்படி உயர்கல்விச் சேர்க்கை விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம். பட்டம் வாங்குவோர் கூடிவிட்டார்கள். பட்டத்துக்கும் வேலைக்கும் இடையிலான தூரம்தான் இப்போது கடக்க வேண்டியது. அரசுத் திட்டம் எல்லோருக்கும் பொதுவான தகவலைத் தரும். உன் ஊரிலிருந்து, உன் பள்ளியிலிருந்து, உன்னைப் போலவே தமிழ்வழியில் படித்து, இந்தப் பயிற்சிக்குப் போய், முதல் மூன்று மாதம் ஆங்கிலத்தில் திணறி, பிறகு நிலைத்துவிட்ட ஓர் அக்காவை அது காட்டாது. அந்த அக்காவின் கைப்பேசி எண்ணைத் தரக்கூடியது பள்ளி மட்டுமே. கே. சிவன், மயில்சாமி அண்ணாதுரை போன்ற விண்வெளி அறிவியலாளர்கள் அரசுப் பள்ளியில் படித்து உயர்ந்தவர்கள் என்று விழா மேடைகளில் சொல்கிறோம்; சொல்ல வேண்டியதுதான். ஆனால் பத்தாம் வகுப்பில் 310 மதிப்பெண் எடுத்த பையனுக்கு உடனடியாகத் தேவைப்படுபவர் அவனைவிட ஐந்தாண்டு மூத்த, அதே அளவு மதிப்பெண் எடுத்து, இப்போது மாதச் சம்பளம் வாங்கும் ஒருவர்.

எதிர்ப்புகள் வலுவானவை, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முதல் எதிர்ப்பு, இது சிபாரிசுக்குப் புதுப்பெயர் என்பது. தகுதியானவர் வரிசையில் நிற்கும்போது அதே பள்ளிக்காரர் என்பதற்காக ஒருவரை முன்னே இழுத்துவிடுவது அநீதிதானே? ஆம், அநீதிதான். ஆனால் வேலைக்குத் துணைநிற்பதில் மூன்று தனித்தனிச் செயல்கள் அடங்கியிருக்கின்றன. தகவல் சொல்வது ஒன்று, ஒருவரைப் பற்றி அறிந்ததை உண்மையாக எடுத்துரைப்பது இன்னொன்று, வேலை தருவது என்ற முடிவு மூன்றாவது. முதலாவது யாருக்கும் தீங்கு செய்யாது. மூன்றாவதில் பள்ளி உறவு நுழையவே கூடாது. தேர்வாணையத் தேர்வு வழியே நிரப்பப்படும் அரசுப் பணிகளில் நுழைய இடமும் இல்லை. சிக்கல் நடுவில் உள்ளதில். அதைப் பற்றி லோரி பீமனும் ஜெரமி மக்ரூடரும் கொல்கத்தாவில் நடத்திய சோதனை தெளிவு தருகிறது. ஒரு வேலையைச் செய்தவர்களிடம், உங்களுக்குத் தெரிந்த ஒருவரை அழைத்து வாருங்கள் என்று சொன்னார்கள். சிலருக்கு அழைத்து வந்ததற்கே நிலையான தொகை. சிலருக்கு, வந்தவர் எவ்வளவு நன்றாகச் செய்கிறாரோ அதைப் பொறுத்துத் தொகை. பின்னைய ஏற்பாட்டில் உறவினரை அழைத்து வருவது குறைந்தது. திறமையுள்ளவர்கள் திறமையுள்ளவர்களைக் கொண்டுவந்தார்கள். சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற நிலை வந்தால் பரிந்துரை தரமான தகவலாக மாறுகிறது. பொறுப்பு இல்லாதபோது அது சொந்தக்காரருக்குச் செய்யும் தயவாகிவிடுகிறது. தனியார் நிறுவனங்கள் பலவும் இன்று பணியாளர் பரிந்துரையை முறைப்படியே ஏற்கின்றன. அதை ஒழித்துவிடும் வல்லமை அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இல்லை. அந்த வழியில் அவனுக்கு மட்டும் ஆள் இல்லாமல் இருப்பதுதான் இப்போதைய நிலைமை. அதைத் தூய்மை என்று பெயரிட்டுக் காக்க வேண்டியதில்லை.

இரண்டாவது எதிர்ப்பு இன்னும் ஆழமானது. பள்ளி உறவு உலகெங்கும் மேட்டுக்குடியின் கோட்டையாகத்தான் இருந்திருக்கிறது என்கிறார்கள். சான்றுகள் அவர்கள் பக்கம் இருக்கின்றன. பிரிட்டனில் ஈட்டன், ஹாரோ, வின்செஸ்டர் உள்ளிட்ட ஒன்பது பழைய தனியார் பள்ளிகளை 'ஹூஸ் ஹூ' என்னும் பிரமுகர் பட்டியலின் 120 ஆண்டுப் பதிவுகளோடு ஒப்பிட்ட 2017 ஆய்வு, அங்கே படித்தவர்கள் அதிகார உச்சிக்குச் செல்லும் வாய்ப்பு பிற பள்ளியினரைவிட 94 மடங்கு என்று காட்டியது. சிலியில் சேத் ஸிம்மர்மன் செய்த ஆய்வு இன்னும் கசப்பானது. முன்னணிப் பல்கலைக்கழகங்களின் வணிகம் சார்ந்த படிப்புகளில் இடம் கிடைத்தது, பெருநிறுவனத் தலைமைப் பதவிகளை எட்டும் வாய்ப்பை உயர்த்தியது. ஆனால் அந்த உயர்வு முழுவதும் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளிலிருந்து வந்த ஆண்களுக்கே போனது. அதே வகுப்பில் அமர்ந்திருந்த பெண்களுக்கும் சாதாரணப் பள்ளி மாணவர்களுக்கும் ஏதும் கிட்டவில்லை. தென்கொரியாவில் கியோங்கி உயர்நிலைப் பள்ளி போன்ற சில பள்ளிகளின் பிடி அத்தனை இறுகியிருந்த காலத்தில்தான், 1974 முதல் சியோலிலும் பூசானிலும் உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வையே நீக்கி மாணவர்களைக் குலுக்கலில் பகிர்ந்தார்கள். நமக்கு நெருங்கிய உதாரணம் இலங்கை. யாழ்ப்பாணத்துப் பழைய மாணவர் சங்கங்கள் தமிழ் உலகிலேயே வலுவானவை. 1983 இனக்கலவரத்துக்குப் பின் சிதறியவர்கள் லண்டனிலும் டொரொண்டோவிலும் சிட்னியிலும் கிளைகள் அமைத்துத் தாய்ப் பள்ளிகளைப் போர்க்காலத்திலும் அதன் பிறகும் தாங்கினார்கள். அதே நாட்டில், பெயர்பெற்ற அரசுப் பள்ளிகளின் முதலாம் வகுப்பு இடங்களில் 25 சதவீதத்தைப் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கென ஒதுக்கும் விதி நீண்ட காலம் சுற்றறிக்கையிலேயே இருந்துவந்திருக்கிறது. பள்ளிப் பற்று பிறப்புரிமையாக மாறும் இடம் அது. இந்தச் சான்றுகள் எல்லாம் ஒன்றைத்தான் நிறுவுகின்றன: யாரை உள்ளே விடுவது என்று தேர்ந்தெடுக்கும் பள்ளியின் வலையமைப்பு, அந்தத் தேர்வின் அநீதியைப் பெருக்குகிறது. வந்த பிள்ளையை எல்லாம் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளிக்கு அந்தக் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தாது. ஈட்டனின் பழைய மாணவர்களிடம் தொடர்புகள் குவிந்திருப்பதைக் கண்டித்துவிட்டு, அதையே காரணமாக்கி ஊராட்சிப் பள்ளியின் பழைய மாணவர்களை ஒன்றுசேர விடாமல் இருப்பது ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவைப்பதாகும். பிரிட்டனிலேயே 'ஃபியூச்சர் ஃபர்ஸ்ட்' என்னும் தொண்டு நிறுவனம் அரசுப் பள்ளிகளுக்கு முன்னாள் மாணவர் அமைப்பை உருவாக்கித் தருவதைத் தன் பணியாகக் கொண்டிருப்பது இந்தப் புரிதலால்தான்.

ஆனால் எல்லோரையும் சேர்க்கும் பள்ளியும் உள்ளுக்குள் பிரிந்துதான் கிடக்கிறது என்பதை நாம் தெரிந்தே பேச வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலினத்து மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024-இல் தந்த அறிக்கை, கைக்கயிறு முதல் பள்ளிப் பெயர் வரை சாதி எப்படி வகுப்பறைக்குள் நிற்கிறது என்பதை எடுத்துக்காட்டியது. ஒரே வகுப்பில் இருந்தவர்கள் என்பதாலேயே எல்லோருக்கும் எல்லோர் மீதும் நம்பிக்கை பிறந்துவிடாது. ராஜ் செட்டி குழுவின் ஆய்வும் இதையே வேறு சொற்களில் சொல்கிறது. ஏழை, வசதியானவர் நட்பு குறைவாக இருப்பதற்கு ஏறத்தாழப் பாதிக் காரணம் அவர்கள் ஒரே இடத்தில் இல்லாதது. மீதிப் பாதி, ஒரே இடத்தில் இருந்தும் பழகாதது. பம்பாய் தாதர் பகுதியில் கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வீக்கும் செய்த ஆய்வு, சாதி வழித் தொழில் தொடர்புகள் உதவியதோடு நில்லாமல், ஆண்பிள்ளைகளை அப்பன் தொழிலை நோக்கியே, அதற்குப் போதுமான மராத்திவழிப் பள்ளியை நோக்கியே இழுத்ததைக் காட்டியது. அந்தத் தொடர்புகளுக்குள் இடமில்லாத பெண்பிள்ளைகள் ஆங்கிலவழிக்கு மாறி முன்னேறினார்கள். அதாவது சாதி வலையமைப்பு ஏற்கெனவே எல்லா ஊரிலும் இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதற்கு மாற்றாக ஒரு பொது உறவு வேண்டுமென்றால், சாதி தாண்டி ஒரே பெஞ்சில் அமர்ந்த நினைவைத் தவிர நம்மிடம் வேறு பெரிய மூலதனம் இல்லை. அதை வீணாக்கும் வழியும் எளிது: குழுவைத் தொடங்கியவர் தன் தெருக்காரர்களை மட்டும் சேர்ப்பார், அவர்கள் தம் நண்பர்களைச் சேர்ப்பார்கள், ஆறு மாதத்தில் அது பேட்ச் குழு என்ற பெயரில் ஒரு சாதிக் குழுவாக நிற்கும். பெண்கள் விஷயமும் இப்படியே. திருமணமாகி ஊர் மாறி, பெயரின் பின்னொட்டும் எண்ணும் மாறிய தோழிகளைத் தேட எவரும் மெனக்கெடுவதில்லை. ஐம்பது பேர் குழுவில் ஐந்து பெண்கள் இருந்தால் அதிகம். மலாவியில் நடந்த ஆள்சேர்ப்புச் சோதனையில், தகுதியான பெண்களை அறிந்திருந்த ஆண்களும் பெண்களைப் பரிந்துரைக்காமல் விட்டார்கள். தானாக விட்டால் எந்த வலையமைப்பும் அதை உருவாக்கியவர்களின் சாயலில்தான் வளரும்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களே வலுவற்றவர்கள், அவர்களிடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. இது தமிழ்நாட்டின் அண்மை வரலாற்றை மறந்த கேள்வி. மெட்ரிகுலேஷன் பள்ளிகள் ஊர்தோறும் பெருகுவதற்கு முன், எண்பதுகள் வரை, வட்டாட்சியர் மகனும் அவர் அலுவலகக் காவலர் மகனும் பெரும்பாலான ஊர்களில் ஒரே அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியிலோ படித்தார்கள். அந்தத் தலைமுறையிலிருந்து வந்த பொறியாளர்கள், மருத்துவர்கள், வங்கி அலுவலர்கள், தொழில்முனைவோர் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்தப் பள்ளிகளுக்குப் போகவில்லை. ஆகவே பள்ளியோடு அவர்களுக்கு எஞ்சியிருப்பது சொந்த நினைவு மட்டுமே. அவர்களோடு அதுவும் முடிந்துவிடும். 1970-இல் பிறந்தவர் 2030-இல் அறுபதைத் தொடுகிறார். பதவியிலும் தொழிலிலும் இருக்கும்போதுதான் ஒருவருடைய தொடர்பு பிறருக்குப் பயன்படும். அரசுப் பள்ளிகளின் மிகக் கலந்த, மிகச் செல்வாக்குள்ள பேட்ச்கள் அடுத்த பத்தாண்டுக்குள் பணி ஓய்வு பெற்றுவிடும். அதற்குள் அவர்களைப் பின்வரும் பேட்ச்களோடு பிணைக்காவிட்டால், இந்த வாய்ப்பு மீண்டும் வராது. கட்டடத்துக்கு நன்கொடை பத்தாண்டு கழித்தும் கேட்கலாம். இதைக் கேட்க முடியாது.

எனவே செய்ய வேண்டியவை கருத்தளவில் எளியவை, நடைமுறையில் உழைப்பு கேட்பவை. பள்ளியிடம் சேர்க்கைப் பதிவேடு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நின்றவர், பத்தில் தவறியவர், மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனவர் என்று ஒருவர் விடாமல் அதில் பெயர் உண்டு. முன்னாள் மாணவர் பட்டியல் நிறுவனரின் கைப்பேசியிலிருந்து தொடங்காமல் அந்தப் பதிவேட்டிலிருந்து தொடங்கினால், சாதியும் பாலினமும் செய்யும் வடிகட்டலில் பாதி அப்போதே நின்றுவிடும். 2024-இல் மறுகட்டமைக்கப்பட்ட பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தரப்பட்டிருப்பதால், இந்த வேலையைப் பொறுப்பேற்க முறையான ஓர் அமைப்பும் இருக்கிறது. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு பெண் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் வேண்டும். தோழிகளைத் தேடும் வேலை அவர் கையில் இருந்தால்தான் நடக்கும். பட்டியலில் பதவியைவிடத் தொழிலும் ஊரும் முதன்மையாக இருக்கட்டும். கோவைப் பம்ப்செட் பட்டறையில் 'டர்னர்' வேலை செய்பவரைத் தேடும் பையனுக்கு இணை இயக்குநரின் பெயர் உதவாது. எண்களை உரியவரின் ஒப்புதலின்றிப் பகிரக் கூடாது. வேலைச் செய்தி வந்தால் அது குழு முழுவதற்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும், தனித்தனியே காதில் சொல்லப்படக் கூடாது. பரிந்துரைப்பவர் தாம் நேரில் அறிந்ததை மட்டும் சொல்ல வேண்டும். அதோடு வகுப்பு மாணவர்களை மட்டும் மனத்தில் வைத்தால் பாதி வேலைதான் நடக்கும். பிள்ளை வளர்ந்தபின் வேலைக்குத் திரும்ப விரும்பும் நாற்பது வயதுப் பெண், நாற்பத்தைந்தில் ஆட்குறைப்புக்கு ஆளானவர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர் ஆகியோரே உறங்கும் உறவுகளின் பயனை அதிகம் உணரக்கூடியவர்கள். வெட்கத்தால் அவர்கள்தான் சந்திப்புக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள். தன் வீடு, கார், பிள்ளையின் வெளிநாட்டுப் படிப்பு என்று பேச்சு சுற்றும் மேடையில் வேலை இழந்தவர் எப்படி வாய் திறப்பார்? எனவே சந்திப்பின் நடைமுறையே மாற வேண்டும். ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பழைய மாணவர்களை ஆராய்ந்த கெல்லி ஷூ, மறுசந்திப்புக்கு அடுத்த ஆண்டில் வகுப்புத் தோழர்கள் ஒருவர்மேல் ஒருவர் கொண்ட தாக்கம் இரண்டு மடங்குக்கும் அதிகமாவதைக் கண்டார். சந்திப்பு வெறும் நினைவுகூரல் என்று நினைப்பது தவறு. அது தகவல் கைமாறும் நாள். சால்வைக்கும் விருந்துக்கும் இடையில், யார் என்ன வேலை செய்கிறார்கள், யாருக்கு என்ன தேவை என்று எல்லோரும் சொல்வதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினாலே போதும்.

அடுத்த சந்திப்புக்கு நாள் குறித்துவிட்ட பேட்ச்களிடம் ஒரு வேண்டுகோள். அழைப்பு அனுப்பும் முன் தலைமையாசிரியரிடம் சென்று சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். உங்கள் குழுவில் இல்லாத பெயர்களை எழுதிக்கொண்டு, அவர்களைத் தேடி அழைத்து வாருங்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் அன்று பிற்பகல் வரச்சொல்லி, ஓட்டுநர் முதல் மருத்துவர் வரை உங்களில் ஒவ்வொருவரும் எப்படி அந்த வேலைக்குப் போனீர்கள் என்பதைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். வகுப்பறை கட்டும் பணத்தையும் கொடுங்கள்.